ஏழாம் ஜாடி மண்

1973 ஜனவரி 22, திங்கள். காலை 7.10.

நிலவியல் பேராசிரியை சாலாவின் நேமத்தான்பட்டி வீட்டுக் கூடத்தில் கடலடி மண் நிரப்பிய பத்துப் பீங்கான் ஜாடிகள் வரிசையாக இருக்க வேண்டும். ஏழாவதை மட்டும் காணோம். சாலா உடனே போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

சப்-இன்ஸ்பெக்டர் சத்தியமூர்த்தி பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கிற ஆள். மண்ணை யார் திருடுவார்கள் என்பதே அவருக்கு உறுத்தியது.

"எண்ணெய் தேடுற கம்பெனிக்காரன் காசு குடுப்பான் சார்," என்றார் சாலாவின் உதவியாளர் அழகுசுந்தரம். படகிலேயே மூடிக் கொண்டுவரும் ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டி அரக்கு வைப்பது அவர் வேலை. கடலுக்குப் போனதே கிடையாது. "படகோட்டி பெட்டியப் பாத்தீகளா?"

10.40. கொல்லைப்புற அறையில் குடும்பத்தோடு தங்கியிருந்த படகோட்டி அல்லாபிச்சையின் டிரங்குப் பெட்டியில் ஜாடி கிடைத்தது. அரக்கு கலையவில்லை. உடைத்தால் உள்ளே மாவு மாதிரி வழவழவென்று கருஞ்சேறு.

"இத நெரப்புனது யாரு, பாய்?" என்று கேட்டார் சத்தியமூர்த்தி.

"நாந்தேங்கய்யா. இந்த அம்மாவுக்குப் படகுல வாந்தி. தலையத் தூக்க முடியல."

"நீரு எடுத்தது இந்த மண்ணுதானா?"

"இல்லீங்க. நான் எடுத்தது பருமணலு, சிப்பித் துண்டு கலந்தது. அங்குட்டு நீரோட்டம் நங்கூரத்தையே இழுக்கும். சேறு எப்பிடித் தங்கும்?"

அழகுசுந்தரம் சிரித்தார். "கரையோரம் பருமணல், ஆழம் போகப் போகச் சேறு. காலேஜுப் பிள்ளைகளுக்கே தெரியும். பாய் புளுகுறாரு சார்."

புகார் எழுதி முடிந்திருந்தது. சாலா கையெழுத்துப் போட்டால் அல்லாபிச்சைக்கு விலங்கு, பிழைப்பும் போச்சு. சாலா பேனாவைத் திறந்தார். சத்தியமூர்த்திக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. எட்டாவது ஜாடி எங்க எடுத்தது?"

"ஏழுக்குப் பக்கத்துலதான். கடலூருக்கு நேரா, கடலடித் திட்டு சரியுற விளிம்புல. அதையும் நான் பாக்கல."

"தொறங்க."

மேசையில் கொட்டியது பருமணல், சிப்பித் துண்டுகளோடு. சாலா இரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுத் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"அங்க கண்டத்திட்டு, அதான் கரைய ஒட்டுன ஆழமில்லாத கடலடி, ரொம்பக் குறுகல்," என்றார் மெதுவாக. "நீரோட்டம் விளிம்பு வரைக்கும் வேகமா ஓடி, நுண்சேத்த ஆழத்துக்கு வாரிக்கிட்டுப் போயிருது. பருமணல்தான் மிஞ்சும்."

"அப்ப இந்தச் சேத்த வச்சவரு கடலைப் பாத்தவரு இல்ல, புத்தகத்தைப் பாத்தவரு," என்றார் சத்தியமூர்த்தி. "பாய் மாத்தி வச்சிருந்தா பருமணலத்தான் போட்டிருப்பாரு. அரக்கும் சீட்டும் யாருகிட்ட இருக்கு, அழகுசுந்தரம் சார்?"

அழகுசுந்தரம் ஒப்புக்கொண்டார். காலையில் கிணற்றடியில் துடைத்தபோது ஜாடி கை நழுவி அரக்கோடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது; உள்ளே என்ன மண் என்று அவர் பார்க்கவே இல்லை. போலீசுக்கு ஆள் போனதும் வேலை போய்விடும் என்று பயந்து, கண்மாய்ச் சேற்றை வேறொரு ஜாடியில் அடைத்து, ஆளில்லாத நேரம் பார்த்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

சாலா புகாரைக் கிழித்தார்.

"மன்னிச்சிருங்க பாய். ஏழாவது மண்ண மறுபடி எடுக்கணும். வருவீகளா?"



"வாரேம்மா. ஆனா எம்பெட்டியக் கவுத்துக் கொட்டுனப்ப எம்மக ராபியா பாத்துக்கிட்டு இருந்தா. அவகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."

சாலா செருப்பைக்கூட மாட்டாமல் கொல்லைப்புறத்துக்கு நடந்தார்.