மார்கழியில் முடியும் ஒப்பந்தம்

பூவரசு கோபுரத்தின் மின்தூக்கியில் ஏறினால் யாரும் வெயிலைப் பற்றிப் பேசமாட்டார்கள். வீட்டைக் காலி செய்வதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"கொளத்தூர்ல ஒரு வீடு பார்த்திருக்கோம். முடிச்சா கிளம்பிட வேண்டியதுதான்," என்றார் பதினேழாம் மாடிக்காரர், கூரையைப் பார்த்து, சற்று உரக்க.

"பின்ன? இந்த வாடகையை மனுஷன் கட்டுவானா?" என்றாள் அவர் மனைவி, அதே கூரையிடம்.

குடிவந்த நாளிலிருந்து இருவரும் இதே வசனத்தைத்தான் சொல்லிவருகிறார்கள். ஆதவன் அந்த நாடகத்தில் சேர்வதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் நடிப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

கூரையில் பொறுமைமானியின் காது இருந்தது. அதற்கு நிறுவனம் வைத்த பெயர் வாடகைச் சமன்கணிப்பான். பொறுமைமானி என்பது குடியிருப்பவர்கள் வைத்த பெயர். ஒருவர் கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்துகிறார், பிள்ளைகளின் பள்ளி எவ்வளவு தூரம், வாடகை அறிவிப்பைப் படித்ததும் எத்தனை முறை பெருமூச்சு விடுகிறார் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எவ்வளவு ஏற்றினால் இவர் திட்டிக்கொண்டே கட்டுவார், எவ்வளவு ஏற்றினால் போய்விடுவார் என்று அது சொல்லிவிடும். போய்விடும் தொகைக்கு ஒரு படி கீழே வாடகை நிற்கும். மின்தூக்கி வசனங்களை அது கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பது ஆதவனுக்குத் தெரியும். சொல்லி அவர்களுடைய ஒரே ஆறுதலைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவர் தொழில். கட்டடங்களைச் சொந்தமாக வைத்திருக்கும் மனைநிதிகளை எடைபோட்டு, அவற்றின் ஈவை நம்பி ஒருவர் காலம் தள்ளலாமா கூடாதா என்று சொல்வது. மனைநிதியில் யாரும் சிறு அலகுகளாகப் பணம் போடலாம். வரும் வாடகையில் செலவும் வட்டியும் போக மிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூறை அலகுதாரர்களுக்கு ஈவாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்து ரூபாயை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறவனுக்குக் கஷ்டகாலம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்குத்தான் ஆதவன் மாதிரி ஆட்கள். முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது.

இந்தப் புரட்டாசியில் அவர் எடைபோட வேண்டியிருந்தது வானகம் மனைநிதியை. பூவரசு கோபுரமும் அதனுடையதுதான். கேட்டவர் ஒன்பதாம் மாடியில் இருந்த ஷர்மிளா. ஓய்வுபெற்ற செவிலியர் சங்கத்தின் தலைவி. சங்கத்துக்காரர்களில் பாதிப் பேர் வானகத்தின் கோபுரங்களில்தான் வாடகைக்கு இருந்தார்கள்.

"சங்கத்து இடத்தை வித்த பணம் மொத்தமும் இதுதான் சார். மத்தவங்க நூத்துக்கு ஆறு குடுக்கறாங்க. வானகம் ஒம்பது குடுக்குது. போட்டுட்டா மாசாமாசம் மாத்திரை மருந்துக்குக் கவலை இல்ல. போடலாமா?"

"ஒம்பது குடுக்கறவன் ஏன் ஒம்பது குடுக்கறான்னு பார்க்கணும் சிஸ்டர்."

"பார்த்துச் சொல்லுங்க. எங்களுக்கு இன்னொரு தடவை சம்பாதிக்க வயசில்ல."

பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. கடன் அளவோடு இருந்தது. கடன் வாங்கி ஈவு கொடுக்கவில்லை. வாடகைக் காசிலிருந்துதான் கொடுத்தது. கோபுரங்கள் எல்லாம் புதியவை. கடந்த முறை வாடகையைத் தாறுமாறாக ஏற்றியபோதும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வீட்டார் முனகிக்கொண்டே ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள். அந்த ஏற்றத்தில்தான் ஈவு ஒன்பதைத் தொட்டிருந்தது. தொண்ணூற்றெட்டு என்ற எண்தான் ஆதவனை உறுத்தியது. மனிதர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

உறுத்தலோடு சாப்பிட உட்கார்ந்த அன்று அவர் மனைவி நிவேதா மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"எதிர் வீட்டுக்காரங்க நிஜமாவே கிளம்பறாங்களாம். போன தடவையே போயிருப்பாங்க, மார்கழியாப் போச்சு. இந்தத் தடவை கார்த்திகையிலயே அக்ரிமென்ட் முடியுதாம், தப்பிச்சோம்னு சொல்றாங்க."

ஆதவன் கை இலையிலேயே நின்றுவிட்டது.

மார்கழி முழுக்க யாரும் வீடு மாற்றமாட்டார்கள். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோவார்கள். ஆடியில் அசையமாட்டார்கள், ஆவணியில் போவார்கள். நிலாவில் சுரங்கம் தோண்டுகிற காலத்திலும் இந்த ஒன்று மட்டும் மாறவில்லை. வாடகை ஒப்பந்தமோ காலங்காலமாகப் பதினொரு மாதம். தையில் வந்தவனுக்குப் பதினொரு மாதம் முடிவது மார்கழியில். ஆவணியில் வந்தவனுக்கு முடிவது ஆடியில். புதுக் கோபுரங்களுக்கு எல்லோரும் ஒரே தையிலும் ஒரே ஆவணியிலும் வந்தவர்கள். ஆக, முதல் புதுப்பிப்பின்போது ஒருவருக்கும் போக வழியில்லை. அதைத்தான் பொறுமைமானி பொறுமை என்று எண்ணிக்கொண்டிருந்தது. பாவம், அதற்கு மாதம் என்றால் முப்பது நாள், அவ்வளவுதான்.

இரண்டாவது புதுப்பிப்பு கார்த்திகையிலும் ஆனியிலும் வரும். அப்போது கதவு திறந்துவிடும். பாதிப் பேர் போவார்கள், ஈவு விழும்.

அப்படியே எழுதினார். 'இந்த ஈவை நம்ப வேண்டாம்' என்று முடித்தார். நெடுநாள் கழித்து அவருக்குத் தன் தொழில் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. மதிப்பீட்டாளர்களின் அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி பொதுப்பலகையில் வைக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் என்றால் இயந்திரங்களும்தான், பொறுமைமானி உட்பட. அதை அவர் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசிக்கக் களைப்பாக இருந்தது.

அடுத்த வாரம் வானகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒப்பந்தம் இனிப் பதினொரு மாதமல்ல, பன்னிரண்டு மாதம். நடப்பு ஒப்பந்தங்களும் ஒரு மாதம் நீளும், பழைய வாடகையிலேயே. இடையில் காலி செய்தால் முன்பணம் திரும்பாது என்பது மட்டும் பழையபடியே.

கோபுரமே கொண்டாடியது. யாரோ லட்டு கொடுத்தார்கள். எதிர் வீட்டுக்காரர்கள்கூட, "ஒரு மாசம் பழைய வாடகைதானே, இருந்துட்டே போலாம்" என்று பெட்டியை இறக்கிவைத்தார்கள். கார்த்திகையில் முடிய வேண்டிய அத்தனை ஒப்பந்தமும் மறுபடி மார்கழிக்குப் போய்விட்டதையும், பன்னிரண்டு மாதம் என்றால் இனி எந்நாளும் மார்கழியை விட்டு நகராது என்பதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வெட்டியவர் ஆதவன்.

ஷர்மிளா கையில் லட்டோடு வந்தார். ஆதவன் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். நோயாளி சொல்வதைக் கேட்டுப் பழகிய பொறுமை அது.

"அப்ப இனிமே யாரும் போகமாட்டாங்க?"

"போக முடியாது."

"ஈவு குறையாது?"

"குறையாது."

"அப்ப போடலாமா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

தன் வேலை ஈவு நிற்குமா என்று சொல்வது. அது எங்கிருந்து வருகிறது என்று வருத்தப்படுவது அல்ல. முப்பது வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதிலை ஆதவன் இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். "போடலாம்" என்று அறிக்கையைத் திருத்தி எழுதினார். சங்கம் மொத்தப் பணத்தையும் போட்டது.

மார்கழி பிறந்தது. புதிய வாடகையும் வந்தது. பார்த்ததும் நிவேதா வாயில் கைவைத்தாள். ஏற்றம் அவருடைய சம்பளத்தில் கால் பங்கு.

"நாம போயிடலாம் நிவி," என்றார் ஆதவன்.

"மார்கழியிலயா?"

"மாசத்துக்கு என்ன தெரியும்? இது நம்மளைப் பிடிச்சு வச்சிருக்கிற கயிறு. ஒருத்தராவது அறுத்துக் காட்டணும்."

நிவேதா இரண்டு நாள் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தானாகவே பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். பெரம்பூரில் ஒரு வீட்டுக்காரர், மார்கழியில் கொடுத்துப் பழக்கமில்லை என்று இழுத்தடித்து, கடைசியில் சம்மதித்தார். ஆதவனுக்குப் பல வருடமாக இல்லாத உற்சாகம். சுற்றிய பெட்டிகளை வராந்தாவில் எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கினார். எதிர் வீட்டுக்காரர் வந்து, "அங்க வேற வீடு இருக்கா சார்?" என்று காதோடு கேட்டார். பதினேழாம் மாடிக்காரரும் கேட்டார், இந்த முறை கூரையைப் பார்க்காமல்.

அன்று மாலை ஷர்மிளா வந்தார். பெட்டிகளைச் சுற்றி வந்து, நிவேதாவிடம்தான் முதலில் பேசினார்.

"என்னம்மா இது, மார்கழியில போய்? குடும்பத்துக்கு ஆகாதும்மா. எங்க பெரியம்மா பையன் இப்படித்தான் போனான்..."

"சிஸ்டர்," என்றார் ஆதவன், "நீங்களா இதெல்லாம் நம்பறீங்க? நாப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்க."

ஷர்மிளா நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"நான் எங்க சார் நம்பறேன்? காலையிலேர்ந்து ஆறு மாடி ஏறி இறங்கிட்டேன். எல்லார் வீட்டுலயும் இதையேதான் சொல்றேன். எங்க ஆளுங்க மத்த கோபுரத்துல சொல்றாங்க. நீங்க மூட்டை கட்டினதைப் பார்த்து முப்பது வீடு கிளம்பப் பார்க்குது. அவங்க போனா எங்க ஈவு என்ன ஆகும்?"

"உங்க வாடகையும்தானே ஏறியிருக்கு? வர்ற ஈவு அதுக்கே சரியாப் போகுமே."

"போகுதுதான். ஈவும் இல்லேன்னா வாடகையை எதுல கட்டுவேன்?" என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "யாரும் போகமாட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்ததை நம்பித்தான் சார் போட்டோம்," என்றார்.

ஆதவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கிழவியைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

வாசலில் எதிர் வீட்டுக்காரரும் பதினேழாம் மாடித் தம்பதியும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

"மார்கழியாச்சே," என்றார் ஆதவன் அவர்களிடம். "வீட்டுல ஒத்துக்கமாட்டேங்கறாங்க."

நிவேதா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மேல் பெட்டியைப் பிரித்து, குக்கரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எதிர் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுத் தன் வீட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

ஆதவன் அடுத்த மார்கழி வரைக்குமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வேலை நாளாக இருந்ததால், அதன்பின் வானகத்தின் இந்தக் காலாண்டு மதிப்பீட்டையும் முடித்துப் பலகையில் ஏற்றினார். தங்கியவர்கள் இம்முறை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. ஈவு மிகவும் பாதுகாப்பானது என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.