பத்தாவது கை

படகு நாலு விரக்கடை கூடுதலாகத் தண்ணீரில் இறங்கியிருந்தது. காலையில் தடுப்பணைத் துறையிலிருந்து கிளம்பும்போது, பக்கப் பலகையில் அடித்திருந்த நீலக்கோடு தண்ணீருக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது. இப்போது நெல்லிக்குறிச்சியை விட்டு அரைக் கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டார்கள், அந்தக் கோட்டைக் காணோம். சோலை மோட்டார்க் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். பச்சையும் பழுப்புமாகக் கலங்கிய வைகைத் தண்ணீர், பலகையின் ஓரத்தை நக்கி நக்கிப் போனது.

சோலைக்கு எடை தெரியும். பதினாறு வருஷம் கப்பலூர்க் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவன். கண்ணை மூடிக்கொண்டு முதுகில் வாங்கினாலும் ஐம்பது கிலோவா ஐம்பத்திரண்டா என்று சொல்லிவிடுவான். முதுகுத்தண்டு தேய்ந்து, இனிமேல் குனியாதே என்று டாக்டர் சொன்ன பிறகு கிடைத்த வேலை இது. அடுத்தடுத்துப் பெய்த மழையில் தடுப்பணை நிரம்பி, இந்த வருஷம்தான் ஆற்றில் படகு விட முடிந்திருக்கிறது. சனி, ஞாயிறுகளில் மதுரையிலிருந்து வருகிறவர்களைப் பத்துப் பத்துப் பேராக ஏற்றிக்கொண்டு, நாலு கிலோமீட்டர் ஆற்றின் மேலே போய், நெல்லிக்குறிச்சியில் கோயிலையும் சந்தையையும் கொடிக்காலையும் பார்க்க விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. அதற்கு மேல் இந்தப் படகு தாங்காது.

இன்றைக்கும் பத்துப் பேர்தான். அவனே எண்ணினான்.

“என்ன சோலை, எட்டி எட்டிப் பார்க்கறே? ஓட்டை கீட்டை விழுந்துடுத்தா?” என்றார் கைலாசநாதன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் குடும்பமாக எட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

“இல்ல சார். படகு கொஞ்சம் கனமாத் தெரியுது.”

“எல்லாம் இவராலதான்,” என்றாள் அவர் மனைவி ஸ்யாமளா. “மெஸ்ஸுல மூணாந்தரம் ரசம் சாதம் வாங்கிண்டார். நான் எண்ணிண்டே இருந்தேன்.”

“சாதத்தை எண்ணாதேடி, உடம்புல ஒட்டாது.”

“ஒட்டாமத்தான் படகு முங்கறதாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். சோலையும் சிரித்தான். முன் பலகையில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருத்தித் தோளில் சாய்த்திருந்த பிள்ளையைத் துண்டால் போர்த்தி, மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது ஆள் பாண்டீஸ்வரி. பத்தாவது, மகள் பவதாரிணி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. நாளை அவளுக்கு ஆறு வயது முடிகிறது. அப்பா ஓட்டுகிற படகில் போக வேண்டும் என்று ரெண்டு மாதமாக நச்சரித்தாள். இன்றைக்கு ரெண்டு இடம் மிச்சமிருந்தது; கூட்டி வந்துவிட்டான்.

“பாண்டீசு, பிள்ளைக்கு மிதவைச் சட்டைய மாட்டலயா?”

சின்ன ஆரஞ்சுச் சட்டை பலகைக்கு அடியில் அப்படியே கிடந்தது.

“தூங்குறா. எழுப்புனா அழுவா,” என்றாள் அவள், திரும்பாமல். “படித்துறையில தண்ணிய அளைஞ்சிருப்பா போல. தலையெல்லாம் ஈரம். உடம்பு சில்லுனு இருக்கு. இன்னைக்குன்னு பாத்து எம்புட்டுக் கனம் கனக்கா!”

வெயில் இறங்கி, தென்னந்தோப்புகளின் நிழல் ஆற்றின் பாதி வரைக்கும் நீண்டிருந்தது. கொடிக்கால் பக்கமிருந்து வெற்றிலைக் காரத்தோடு ஈரக்காற்று வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனையும் இருந்தது. முதலில் சோலைக்கு அது பிடிபடவில்லை. நனைந்த பச்சரிசி, எள், கருகி அணைந்த சூடம், அழுகத் தொடங்கிய அரளிப்பூ. கரையிலிருந்து வருகிறது என்று நினைத்தான். நடு ஆற்றுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. அவன் பாதத்தில் ஏதோ ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தான். முன் பலகைக்கு அடியிலிருந்து ஒரு நூல் போலத் தண்ணீர் வழிந்து, எல்லோருடைய செருப்புகளையும் சுற்றிக்கொண்டு, அவன் கால்வரைக்கும் வந்திருந்தது. அதில் ரெண்டு கறுப்பு எள் மிதந்தது.

அந்தப் படித்துறையில் ஒட்டியிருக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வழக்கமாகப் படகு கட்டுகிற சிமெண்டுத் துறையை மத்தியானக் காற்றில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் நூறடி தள்ளியிருந்த பழைய கல் படித்துறையில் படகை ஒட்டி, திரும்புகிறவர்களை ஏற்றினான். அது கருமாதி செய்கிற துறை. சாவு வீட்டிலும் கருமாதித் துறையிலும் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. பேசாமல் வருவார்கள், பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். சோலைக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, பாசிபிடித்த படியில் வயசானவர்கள் தடுமாறினார்கள், வாய்க்கு ஒரு பழக்கம் இருக்கிறது.

“வாங்க, வாங்க, கையக் குடுங்க.”

மூட்டை இறக்குகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான். கையைப் பார்ப்பான், காலைப் பார்ப்பான். சோலையும் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் படகிலும் ஊன்றி, குனிந்த தலை நிமிராமல், பிடித்த கைகளைத்தான் எண்ணினான். கிட்டங்கியில் எண்ணுகிற மாதிரியே, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி. லாபம், ரெண்டு, மூணு, நாலு. ஒன்பதாவதாக வளையல் போட்ட பாண்டீஸ்வரியின் கை; பிள்ளை பின்னாலேயே வருகிறாள் என்றபடி ஏறினாள். அதற்குப் பிறகு கண நேரம் யாரும் இல்லை. அவன் கயிற்றைப் பார்த்தபடியே கையை நீட்டி, “வா, வா,” என்றான்.

பத்தாவது கை வந்தது. சின்னக் கை. கணக்கு சரியாகிவிட்டது. தள்ளிவிட்டுக் கிளம்பினான்.

அந்தக் கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது யோசித்தான். மற்ற ஒன்பதும் மேலேயிருந்து இறங்கி வந்தன. பத்தாவது கையைப் பிடிக்க அவன் குனிய வேண்டியிருந்தது.

படிக்குக் கீழே தண்ணீர்தானே இருந்தது?

சட்டைப்பையில் போன் அடித்தது. சோலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோட்டார் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காதில் வைத்தான். நெல்லிக்குறிச்சியில் டீக்கடை வைத்திருக்கிற இம்மானுவேல்.

“அண்ணே, எங்கண்ணே போய்க்கிட்டு இருக்கீக? நல்ல ஆளு போங்க! பெத்த பிள்ளைய மறந்துட்டுப் போறீகளே!”

“என்னப்பா சொல்ற?”

“ஒங்க மகதாண்ணே. கடைக்குப் பின்னால நாய்க்குட்டிய வச்சு வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப வந்து எங்கப்பா எங்கங்குது. படித்துறைக்குக் கூட்டியாந்து நிக்கேன். இந்தா, பேசு தாயி.”

காற்று இரைந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அப்பா… வாரதுக்குள்ள போயிட்ட. நீ வா. இல்லாட்டி பேசவே மாட்டேன்.”

பவதாரிணியின் குரல். அழுகை வரப்போகும்போது கடைசி எழுத்தை இழுப்பாளே, அதே இழுப்பு.

சோலை முன் பலகையைப் பார்த்தான். துண்டுக்குள் ஒரு சின்னத் தலை, பாண்டீஸ்வரியின் தோளில் சாய்ந்திருந்தது. துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஏறிப் பத்து நிமிஷம் ஆகிறது. இன்னும் சொட்டியது.

“பாண்டீசு.”

“என்னங்க?”

“பிள்ள முகத்தப் பாத்தியா?”

“தூங்குறான்னு சொன்னேன்ல. சத்தம் போடாதீங்க.”

அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அது தலையைத் தூக்கும் என்று தோன்றியது. கைப்பிடியை மெல்ல வளைத்துப் படகைத் திருப்பினான்.

“என்னப்பா, திரும்பிப் போறே?” என்றார் கைலாசநாதன். “இருட்டிண்டு வர்றதே.”

“ஒரு ஆளு விட்டுப் போச்சு சார்.”

“பத்துன்னு எண்ணினியே?”

சோலை மோட்டாரை முடுக்கினான். மோட்டார்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்யாமளா பேச்சை நிறுத்தியிருந்தாள். பின்னால் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவரின் போனும் ஓய்ந்திருந்தது. ஒவ்வொருவராக முன் பக்கம் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரும் இருமக்கூட இல்லை. அந்த வாசனை மட்டும் கூடிக்கொண்டே போனது. எள். சூடம். ஈரப் பச்சரிசி.

படித்துறை தெரிந்தது. மேல்படியில் இம்மானுவேல். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் பாண்டீஸ்வரி போட்டுவிட்ட மஞ்சள் கவுனில், ஒரு பிள்ளை.

சோலை மோட்டாரை அணைத்தான். படகு தானாக நழுவிப் படிக்கட்டை நெருங்கியது.

“அப்பா!”

பாண்டீஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“யாரு பிள்ளைங்க அது?” என்றாள்.

“பாண்டீசு, அது நம்ம பவாடி.”

“நம்ம பிள்ள என் மடியிலல்ல இருக்கு.” அவள் குரலில் கோபமில்லை, பயமில்லை. தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. “வீட்டுக்குப் போவோங்க. பிள்ளைக்குக் குளுருதாம்.”

“அத எறக்கி விடு. மெதுவா எறக்கி விட்டுட்டு வா. என் கையப் பிடி.”

அவள் பிடிக்கவில்லை. ரெண்டு கையாலும் துண்டை இறுக்கிக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் கழுத்தைச் சுற்றியது. விரல்நுனிகள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன.

“அம்மா!” என்று கரையிலிருந்து கத்தினாள் பவதாரிணி. இம்மானுவேலின் கையை உதறிவிட்டு இறங்கினாள். ரெண்டு படி. மூணு படி. அடுத்த படியில் பாசி.

சோலை குதித்தான்.

முதுகில் மின்னல் வெட்டியது. விழுந்தான். எழுந்தான். பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தான். சூடு. கழுத்தில் வியர்வை. பிஸ்கட் வாசனை, நாய்க்குட்டி வாசனை. அவன் மகள். அவன் மகளேதான்.

திரும்பினான்.

படகு கரையை விட்டு விலகியிருந்தது. மோட்டார் ஓடவில்லை. துடுப்பை யாரும் தொடவில்லை. தண்ணீர் கீழே தடுப்பணையைப் பார்த்து ஓடியது. படகு மேலே போனது. நீரோட்டத்தை எதிர்த்து. சத்தமில்லாமல்.

“பாண்டீசு! குதிச்சிரு! சார், அவளப் பிடிங்க சார்!”

ஒருவரும் திரும்பவில்லை. சோலை பிள்ளையை இறக்கிவிட்டுத் தண்ணீருக்குள் கால் வைத்தான். இம்மானுவேல் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

“எறங்காதீக அண்ணே. ஒங்களக் கும்புட்டுக்கிறேன். பிள்ள இருக்கு. எறங்காதீக.”

துண்டு நழுவி விழுந்தது. பாண்டீஸ்வரியின் தோளுக்கு மேலே அது முகத்தைத் தூக்கியது. பவதாரிணியின் முகம். அதே ஒட்டுப்பொட்டு. விழுந்த முன்பல்லின் அதே இடைவெளி. சோலையைப் பார்க்கவில்லை. அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தது.

“அப்பா, அம்மா மடியில இருக்கிறது யாருப்பா?”

அவன் அவள் கண்ணைப் பொத்தினான். தன் கண்ணைப் பொத்த முடியவில்லை.

நடு ஆற்றில் தண்ணீர் படகின் விளிம்பைத் தொட்டது. தாண்டியது. உள்ளே இறங்கியது. முழங்கால் அளவு. இடுப்பளவு. யாரும் எழுந்திருக்கவில்லை. மிதக்க வேண்டிய ஆரஞ்சுச் சட்டைகள் மிதக்கவில்லை. மார்பளவு. வரிசையாக, நிமிர்ந்து, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் பாண்டீஸ்வரியின் தோள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.