வாசனை இல்லாத மெழுகு

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு யானையைக் கட்டிப்போட்டு, பக்கத்தில் குட்டிக்கும் இடம் ஒதுக்கலாம். அதற்காகவே மெழுகுவர்த்திக்காரி அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தாள். கூடவே அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் நாத்தனாரும், புருஷனின் அக்கா, வந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே உறவு. மிஞ்சிய ஒரே மூக்கும் அதுதான்.

பதினைந்து வருஷம் வாசனை எண்ணெய்களோடு புழங்கியதில் மெழுகுவர்த்திக்காரியின் மூக்கு மரத்துப்போயிருந்தது. நாத்தனாருக்கோ மூன்றாவது தெருவில் காயும் பாலில் எத்தனை டம்ளர் தண்ணீர் என்பதுகூட வீட்டிலிருந்தே தெரியும். லாவெண்டர் தூக்கலா, எலுமிச்சை மட்டா என்று அவள் சொன்னால்தான் உருக்கிய மெழுகு கண்ணாடி டம்ளருக்குப் போகும்.

வந்த வாரமே பன்னிரண்டு டம்ளர் ஊற்ற உட்கார்ந்தார்கள். மெழுகு கொஞ்சம் குறைந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் துழாவினால், முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன தகர டப்பா. உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு மெழுகுக் கட்டி.

"இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க அண்ணி."

நாத்தனார் மோந்தாள். திரும்பவும் மோந்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையேடி."

"நல்லதுதானே? வெறும் மெழுகு."

"வெறும் மெழுகுக்கும் ஒரு வாடை உண்டு. அந்தத் தகரத்துக்கே உண்டு. இது கிணறு மாதிரி இருக்கு. மூக்கு உள்ள போகுது, திரும்பி வர மாட்டேங்குது. தூக்கிப் போடு."

"வரலன்னா நானே இறங்கித் தூக்கிட்டு வரேன், விடுங்க."

பூர்வீகம் தெரியாத மெழுகைச் சேர்க்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் சிக்கனம் யாரை விட்டது? கொதிநீருக்குள் பாத்திரத்தை இறக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினாள். லாவெண்டர் எண்ணெயை ஊற்றினாள். நாத்தனார் குனிந்தாள்.

"எண்ணெய் ஊத்துனியா இல்லையா?"

"கண்ணு முன்னாடிதானே ஊத்துனேன்!"

இன்னொரு மடங்கு ஊற்றினாள். பிறகு பாட்டிலையே கவிழ்த்தாள். ஊரையே மயக்கிப் படுக்கவைக்கும் லாவெண்டர் அது. மெழுகு விழுங்கிவிட்டுச் சும்மா கிடந்தது. எங்கேதான் போகிறது பார்க்கலாம் என்ற ரோஷத்தில், முகத்தைப் பாத்திரத்துக்குள் விடாத குறையாக நாத்தனார் அரைமணி நேரம் மோந்துகொண்டே நின்றாள்.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சாயங்காலம், ஊற்றி உறைந்த டம்ளர்களில் ஒன்றை மெழுகுவர்த்திக்காரி தெருமுனைக் கடைக்காரியிடம் மாதிரிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை, எரிகிற விதம் பார்க்க வீட்டில் ஒன்றை ஏற்றினாள்.

மரத்துப்போன அந்த மூக்கில் வாசனை ஏறியது.

லாவெண்டர் இல்லை. தலைக்குத் தடவும் எண்ணெய். வலித் தைலம். வெயிலில் காய்ந்த பருத்தித் துணி. எல்லாவற்றுக்கும் அடியில், தூங்கி எழுந்த மனுஷியின் கழுத்துச் சூடு.

அண்ணியின் வாசனை.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள் நாத்தனார். "காலையிலிருந்து எதுவுமே மணக்கலடி. காபி வெந்நீர் மாதிரி இருக்கு. என் கையையே மோந்து பாத்தேன்..." என்று கையை நீட்டினாள்.

மெழுகுவர்த்திக்காரி மோந்தாள்.

ஒன்றுமே இல்லை.

சுடர் படபடத்தது. நாத்தனாரின் முழங்கால் மடங்கியது. மெழுகுவர்த்திக்காரி பாய்ந்து டம்ளரை மூடி நெருப்பை அணைத்தாள். நாத்தனாரைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். உதட்டில் துளி நிறம் திரும்பியது. அடுத்த நிமிஷமே அதுவும் வடிந்தது.

"அணைச்சிட்டேனே அண்ணி!"

"வேற எங்கேயோ எரியுது," என்று நாத்தனார் முணுமுணுத்தாள். "யாரோ என்னை மோந்துக்கிட்டே இருக்காங்கடி."

மாதிரி டம்ளர்!

அவள் ஓடிய ஓட்டத்தில் செருப்புகள் நடுத்தெருவிலேயே தங்கிவிட்டன. கடையில் நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு சிலையாக நின்றிருந்தார்கள்.

"வாம்மா மகராசி!" என்றாள் கடைக்காரி. "என்னத்தைப் போட்டே இதுல? யாரோ மடியில படுக்கவெச்சுத் தட்டிக் கொடுக்குற மாதிரியே இருக்கு. நேத்துலேருந்து அணைக்க மனசே வரல, போ!"

கடைக்காரி கை காட்டிய இடத்தில் திரி சாய்ந்தது. புஸ் என்றது. டம்ளரின் அடி தெரிந்தது.

திரும்பி வந்தபோது நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கண்கள் திறந்திருந்தன. மெழுகுவர்த்திக்காரி அவள் தலையில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். முடியில் எண்ணெய் பளபளத்தது. அதன் வாசனை மட்டும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், மிச்சமிருந்த டம்ளர்களை உடைக்க எடுத்தாள். கை வரவில்லை. அண்ணி என்று இனி ஏதாவது இருந்தால் அது இவற்றில்தானே?

ஒரே ஒரு நிமிஷம் என்று தனக்கே சமாதானம் சொல்லி, ஒன்றை ஏற்றினாள்.

தலை எண்ணெய் எழுந்தது. தைலம். கழுத்துச் சூடு. அழுகை வெடித்துவிடுமோ என்று மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீளமாக. நிதானமாக. ருசித்து.

சுடர் அந்தப் பக்கம் சாய்ந்தது.

அவள் அசையவில்லை.

இரண்டாவது இழுப்பு சுடரை விட்டு, அவள் பிடரிக்குப் பின்னால் கேட்டது.