குவாரிப் பக்கத்துச் சன்னல்

சித்திரை வெயிலில் உப்பு வியர்த்திருந்தது.

காலேப் தட்டை மறுபடி பார்த்தான். பட்டாசுக் கம்பெனியில் திரி காயவைக்கும் இடத்தில் ஒரு தகரத்தட்டில் கல்லுப்பு வைத்திருப்பான். உப்பு கசிந்தால் காற்றில் ஈரம், சரக்கைச் சுருட்டி உள்ளே எடுத்துவிடலாம். அந்தப் பழக்கம் வீட்டுச் சன்னல் வரைக்கும் வந்துவிட்டது. இங்கே அவன் காயவைக்க இருந்தவை இரண்டு கைலிகள்தான். "வானிலை ஆபீசர் என்ன சொல்லுதாரு?" என்று மனைவி ஞானதீபம் தினமும் கேலி செய்வாள்.

மேற்கே பெரிய மலை மழையை மறித்துக்கொள்ளும். இந்த மொட்டைக் கரட்டின் அடிவாரத்துக்கு மிஞ்சுவது வறண்ட காற்று மட்டும். துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் அப்பளமாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில், பட்டப்பகலில், சாத்திய சன்னலுக்கு உள்ளே, உப்பு தண்ணீராகி நின்றது.

கட்டிலில் காய்ச்சலோடு மகள் ஆஷ்லின் புரண்டாள். "அப்பா, புழுங்குது."

கரட்டைக் குடைந்த சுண்ணாம்புக்கல் குவாரியைப் பார்த்த சன்னல் அது. மண் சரிந்து குவாரியை மூடியபோது உள்ளே அகப்பட்டவர்களை யாரும் தோண்டி எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஞானதீபம் அந்தச் சன்னலைத் திறக்க விட்டதில்லை.

தைரியத்தில் காலேப்புக்குக் கம்பெனியில் நல்ல பெயர். இருட்டில் கொல்லைப்பக்கம் போக மகளைத் துணைக்கு அழைப்பவன் என்பது மகளுக்கு மட்டும் தெரியும். ஆனாலும் ஈரத்துக்கு அவன் பயந்ததில்லை. பட்டாசு மருந்தோடு பிழைப்பவனுக்குக் காய்ந்த காற்றுதான் எமன். ஈரம் வந்தால் அன்றைக்கு உயிர் தங்கியது என்று கணக்கு. கம்பெனியில் செய்வதுபோலவே கோணிச் சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிட்டான். சன்னலைத் திறந்தான்.

குளிர்ந்த காற்று வந்தது. நனைந்த சுண்ணாம்பும் பழைய வியர்வையும் கலந்த வாடையோடு மகளின் நெற்றியைத் தடவி, சாக்கை வெளியே தள்ளி, நின்றது. பிறகு சாக்கு மெல்ல உள்பக்கமாக உப்பியது. காற்று வந்த வழியே திரும்பிப் போனது. மறுபடி வந்தது.

ஆஷ்லின் அசையாமல் தூங்கினாள்.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டியில் இருந்த ஞானதீபம் போன் செய்தாள்.

"பிள்ள எப்படி இருக்கா?"

"நல்லாத் தூங்குதா. குளுகுளுன்னு காத்து வருது."

"குளுந்த காத்தா? இங்கன தாரு உருகி செருப்பு ஒட்டுது. எந்தச் சன்னல் வழியா?"

அவன் குவாரிப் பக்கத்துச் சன்னலைப் பார்த்தான்.

"சாத்துங்க அதை. அவளுக்கு மூச்சு சீரா வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

"உத்தரவு, நர்ஸம்மா," என்றான். சிரிப்பு வரவில்லை.

போனை அணைக்காமல் கட்டிலில் வைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினான். கொக்கி போட்டான்.

சாக்கு வெளியே போனது. உள்ளே வந்தது.

கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். இறுகித்தான் இருந்தது. சாக்கு வெளியே. உள்ளே. அப்போதுதான் மகளைக் கவனித்தான். சாக்கு உள்ளே உப்பும்போது அவள் நெஞ்சு ஏறியது. சாக்கு வெளியே போகும்போது இறங்கியது.

எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவள் மூக்கருகே பிடித்தான்.

ஏறியது. இறங்கியது.

டம்ளரில் ஆவி படியவில்லை.

இன்னும் கிட்டே. அவள் உதட்டில் பட்டது. நெஞ்சு இறங்கியது. அவள் பக்கம் காய்ந்தே இருந்தது.

மறுபக்கம், ஆளில்லாத சன்னல் பக்கம், அவன் விரல்களில் ஈரச்சூடு.

டம்ளரைத் திருப்பவில்லை. தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தான். வெளுத்த வட்டம் ஒன்று பூத்திருந்தது. மங்கியது. அவள் நெஞ்சு இறங்கியது. மறுபடி பூத்தது.

"என்னங்க, மூச்சு வருதா?" என்றது போன்.

முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. இடம் போதாமல், ஒன்றன்மேல் ஒன்றாக.

"வருதா?"