மஞ்சள் வரிசை

அலைக்குடிப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாகைக் கடலில் மிதக்கும் அந்த ஊரின் எண்ணூறு பேருக்கும் ஒரே அம்மன் கோயில்தான். வாசலில் பொருத்தியிருந்த உடலுணரி, வருகிறவரின் உடம்பைப் படித்து விளக்கெரிக்கும். ஆண்களுக்கு எப்போதும் பச்சை. மாதவிலக்கான பெண்ணுக்கு மஞ்சள். அவள் உள்ளே போகாமல், எல்லாரும் பார்க்கப் பக்கவாட்டு நடையில் நிற்க வேண்டும்.

குடிநீர் ஆலைப் பொறியாளர் துளசிமணி அன்று பயமில்லாமல் வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துக் கர்ப்பம், ஏழாவது வாரம். கையில் அர்ச்சனைத் தட்டு.

மஞ்சள் எரிந்தது.

"மிஷின்ல ஏதோ கோளாறு," என்றான் கணவன் அறவாழி.

கோளாறு இல்லை. கரு கலையத் தொடங்கியிருந்தது. அவளே அறியும் முன்பு, ஐம்பது பேர் நடுவில் விளக்கு அதைச் சொல்லிவிட்டது.

மூன்றாம் நாள், உடலுணரியைக் கழற்றச் சொல்லிக் கோயில் அறங்காவலர் குழுவின் முன் போய் நின்றாள். ஏழு பேரும் ஆண்கள்.

"ஒங்க கஷ்டம் புரியுதும்மா," என்றார் தலைவர் வைத்திலிங்கம். "ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்த மொறைய எழுதறப்ப எங்கள்ல ஒருத்தியக்கூடக் கேக்கலையேய்யா."

அவர் அடுத்த மனுவைக் கையில் எடுத்தார்.

அடுத்த வெள்ளியும் மஞ்சள்தான். துளசிமணி நடையில் போய் நின்றாள். பச்சை எரிந்த ஒருத்தி உள்ளே போகாமல் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வைத்திலிங்கத்தின் மனைவி மரகதவல்லியும் வந்தாள்.

"ஒனக்குத்தான் பச்சையாச்சே, அங்க என்னடி வேல?" என்று அவர் உள்ளிருந்து கத்தினார்.

"இருவது வருஷம் இங்க ஒத்தையா நின்னேன். இன்னைக்குத்தான் தொணைக்கு ஆளு இருக்கு."

உள்ளே ஆண்கள் மட்டும். அம்மன் பாட்டுப் பாடுவது பெண்கள்தான்; பாட ஆளில்லை. ஐந்து வெள்ளிகள் அப்படியே கழிந்தன. ஆறாவது வெள்ளிக்கு முன் குழு கூடி உடலுணரியைக் கழற்றச் சொன்னது. குழுவில் பெண்களுக்கு நான்கு இடம் என்றும் முடிவானது. அதில் ஒன்று துளசிமணிக்கு.

அந்த வெள்ளியன்று அவள் பழக்கத்தில் வாசலில் நின்றுவிட்டாள்.

"போ தாயி, பின்னால எத்தன பேரு நிக்கறோம்," என்று மரகதவல்லி முதுகைத் தட்டினாள்.

உள்ளே போனாள். அன்று அவளுக்கு விலக்கு நாள். பக்கத்தில் கைகூப்பி நின்ற அறவாழிக்குக்கூடத் தெரியாது. அவள் உடம்பின் சேதி, முதல்முறையாக, அவளிடமே இருந்தது.