பைமானின் வடக்கு

"ஐயா, என் வீட்டுல தங்கின ஆளைக் காணோம். கூட வந்த டிரைவர் மென்னு முழுங்குறான்," என்று சுமியாத்தி காவல் சாவடிக்குள் மூச்சிரைக்க வந்தபோது மணி இரண்டு. புரோமோ மலை அன்று காலை ஏழு மணியிலிருந்து கறுப்பாய்ப் புகைந்துகொண்டிருந்தது. அடிவார மணல்வெளியில் ஒரு ஜீப்பையும் விடவில்லை.

காணாமல் போனவர் ஹந்தாரு. பிரம்பானன் கோயில்களில் தொடங்கி எரிமலை எரிமலையாக ஆறு நாள் ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி. அவருக்குப் பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுபவர் பைமான். இருவருக்கும் ஊர் மெராபி மலைக்குத் தெற்கே. புரோமோவுக்கு இதுதான் முதல் தடவை; புது வழி பார்க்க இருவர் மட்டும் வந்திருந்தார்கள். முந்தின மாலை மூடுபனியில் வந்து இறங்கும்போதே சண்டை. "பஸ் பிடிச்சு ஊருக்குப் போறேன், போ!" என்று ஹந்தாரு கத்தியதை வீடே கேட்டது.

"காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டாரு. எங்க போறேன்னு சொல்லல, நானும் கேக்கல," என்றார் பைமான், சுமியாத்தியின் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது.

"எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டாள் ரத்ரி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன காவலர்.

"வடக்கே, தாயி. வாசல்ல நின்னு பார்த்தேன். நாலடியில பனி மறைச்சிருச்சு."

வடக்கே இறங்குவது பஸ் போகும் சாலை. ரத்ரி அதில் கடைசி வளைவுவரை போய் விசாரித்தாள். விடிவதற்கு முன்பே முட்டைக்கோசு ஏற்ற வந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள், ஈ காக்கா கூடப் போகவில்லை என்று.

திரும்பி வந்தவள் கொதித்தாள். "பொய் சொல்றான் சார். ஆளை அடிச்சு எங்கயோ தள்ளிட்டான். விலங்கு மாட்டிரவா?"

இன்ஸ்பெக்டர் திரங்கோனோ, பைமான் தங்கியிருந்த அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். ஜன்னலைப் பார்க்கப் பாய் விரித்துப் பைமான் தொழுதுகொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. முடிக்கும்வரை அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

"இந்த ஜன்னல் எந்தப் பக்கம்மா?" என்று சுமியாத்தியைக் கேட்டார்.

"கிழக்கே. சூரியன் உதிக்கிறதைப் படுத்துக்கிட்டே பாக்கணும்னுதானே துரைமாருங்க வர்றாங்க! இன்னைக்குப் பனியில ஒண்ணும் தெரியல."

"ரத்ரி, நாம எந்தப் பக்கம் பாத்துத் தொழுறோம்?"

"மேற்கே சார்..." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தினம் தொழுகிறவள் அவள். கண்ணெதிரே இருந்ததைக் கோபம் மறைத்துவிட்டது.

"போலீஸ்கிட்ட பொய் சொல்றவன் இருப்பான். படைச்சவனுக்கு முன்னாடி யாரும் வேணும்னே முதுகைக் காட்டி நிக்க மாட்டான். இந்த மனுஷனுக்குத் திசையே தலைகீழா இருக்கு." அவர் பைமான் பக்கம் திரும்பினார். "மலை உறுமுதே, அது எந்தப் பக்கம்?"

பைமான் அவரை விநோதமாகப் பார்த்தார். "மலைன்னா வடக்கேதானே ஐயா இருக்கும்?"

"நானும் உங்க பக்கத்து ஆளுதான்யா. நமக்குப் பொறந்ததுல இருந்து மலை வடக்கே, கடல் தெற்கே. இங்க மலை தெற்கே இருக்கு. அவரு பஸ்ஸுக்குப் போகல. தெற்கே இறங்குற பாதை மலையடிவாரக் கோயிலுக்குத்தான் போகுது, அங்கதான் போயிருக்காரு."

பைமானின் முகம் வெளுத்தது. "இவ்வளவு நேரம் உங்களை நான்தான் தப்பான பக்கம் அலைய விட்டேனா?"

ஜீப் மணல்வெளியில் இறங்கியபோது சாம்பல் மழையாய்க் கொட்டியது. கோயில் மதிலுக்கு அப்பால், மழைநீர் அறுத்த பள்ளத்தில், கால் முறிந்து கிடந்தார் ஹந்தாரு. உடம்பெல்லாம் சாம்பல், கண் மட்டும் அசைந்தது.

"நீ வருவேன்னு தெரியும்," என்றார் பைமானிடம். "இவ்வளவு நேரமாடா, கழுதை?"

ஜீப்பில் பைமான் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே மேலே வந்தார்.

மருத்துவ வண்டிக்குக் காத்திருந்தபோது பொழுது சாய்ந்தது. பைமான் சுமியாத்தி வீட்டு வாசலில் பாயை விரித்தார். விரித்துவிட்டுத் திகைத்து நின்றார்.

"தாயி," என்றார் ரத்ரியிடம், "மேற்கு எது?"

மத்தியானம் அவரைக் கொலைகாரன் என்று நினைத்தவள் குனிந்து பாயைத் திருப்பிப் போட்டாள். பிறகு அவருக்கு ஓரடி பின்னால் நின்று தானும் தொழுதாள்.