வராத படகும் மினுங்கும் கட்டங்களும்

காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொள்ள, படகுத்துறைக் கூரைக்குள் ஓடி வந்தவள், அவன் மீதே மோதினாள். அவன் போன் தெறித்துப் பெஞ்சடியில் விழுந்தது.

"ஐயோ, சாரிங்க!"

"விடுங்க... உடைஞ்சாலும் தேவல. நாப்பது நிமிஷமா இதோ வருது, இதோ வருதுன்னு ஏமாத்துது!"

குனிந்து எடுத்தவள் திரையைப் பார்த்தாள். படகு நேரம் சொல்லும் ஆப். நேரம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவள் வரைந்த கட்டங்கள்! வெற்றுத் திரையைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பொறுமை போய்விடும். தகவல் வரும்வரை இப்படி ஏதாவது அசைந்தால் காத்திருப்பதே தெரியாது. அதற்கு 'ஸ்கெலிட்டன் ஸ்கிரீன்' என்று பெயர்; ஆபீசே கைதட்டியது. தகவலே வராவிட்டால்...? 'தகவல் இல்லை' என்ற வரி அழகைக் கெடுக்கிறது என்று அதை எடுத்தவளும் அவள்தான்.

"படகு ரத்தாம். இப்பதான் காவலாளி சொன்னார். முன்னாடியே தெரிஞ்சா ரோட்டு வழியா போயிருப்பேன்... அக்காவுக்கு ஆபரேஷன். உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள வந்துடுறேன்னு சொல்லியிருந்தேன்." கசப்பாகச் சிரித்தான். "எந்தப் புண்ணியவான் செஞ்ச ஆப்போ!"

"ஆமா... யாரோ," என்றாள். சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "வாங்க, என் கார்ல போயிடலாம்."

வழியில் பேச்சுக் கொடுத்தான். சந்தைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறானாம். "அடுத்தவங்க கண்ணைப் பாத்தே பொழப்பு ஓடுது. ஆமா, உங்க கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"மழைங்க..."

"காருக்குள்ளயா?"

சிரிப்பு வந்தது. அதைவிட வேகமாக அவமானம் வந்தது.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூடிய கதவின் முன் அவன் நின்ற நிலையைக் காணப் பொறுக்காமல், பெயர்கூடச் சொல்லாமல் நழுவினாள்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. பத்து நொடியில் தகவல் வராவிட்டால் கட்டங்கள் மறைந்து, 'நேரம் தெரியவில்லை, துறையில் கேளுங்கள்' என்று காட்டும்படி மாற்றிவிட்டாள். மனசுதான் ஆறவில்லை. ஐந்தாம் நாள் அவன் கடைப் படியேறினாள்.

"நீங்களா!" அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியே அவளைக் குத்தியது.

"அக்கா...?"

"நல்லா இருக்கா. நேத்து வீட்டுக்கு வந்துட்டா."

"அந்த ஆப்... நான் செஞ்சதுங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"ஆபரேஷனுக்கு உள்ள போற வரைக்கும் அக்கா வாசலையே பாத்துட்டிருந்தாளாம்."

அவள் தலை குனிந்தபடி திரும்பி நடந்தாள்.

"நில்லுங்க... கோவம் இருக்குங்க. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா நாலு நாளா, கடையைச் சாத்தினதும் படகுத்துறைல போய் நிக்கிறேன். எங்கயும் போறதுக்கு இல்ல... நீங்க வருவீங்களான்னுதான்."

அவள் நிமிர்ந்தாள். முதன்முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"நான் ஓடிப்போனது உங்க கோவத்துக்குப் பயந்து மட்டும் இல்ல..." "அந்த ஒரு மணி நேரத்துலயே உங்களைப் பிடிச்சுப் போச்சு. தப்புப் பண்ணிட்டு, அதை எந்த முகத்தோட சொல்றது?"

"இந்த முகத்தோடதான்..." என்றான் அவன், மெல்ல.